தோலுரிக்கும்போது விழுந்த கும்பிடுபூச்சியைத் தேற்றிய அனுபவம்

கும்பிடுபூச்சிக்குத் தோலுரிக்கும் நேரத்தைவிட ஆபத்தான நேரம் வேறில்லை. இனத்தையும் ஆண் பெண் வேறுபாட்டையும் பொறுத்து, முட்டையிலிருந்து வெளிவந்து முதிர்ச்சி அடைவதற்குள் அது ஏறக்குறைய 5 முதல் 10 முறை தோலுரிக்கிறது. ஒவ்வொரு முறையும் தலைகீழாகத் தொங்கியபடி, முதுகுப்புறத்தில் வெடிக்கும் பழைய தோலிலிருந்து தன் எடையின் உதவியாலேயே மெல்ல வழுகி இறங்குகிறது. அந்தச் சிறிது நேரத்தில் அதன் உடல் முழுவதும் மென்மையாக இருப்பதால், பிடி நழுவிக் கீழே விழுந்தால் கால்கள் எந்த நிலையில் மடங்கினவோ அந்த நிலையிலேயே இறுகிப்போகும்.

சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் தாழ்வாரத்தில் உள்ள கறிவேப்பிலைச் செடியில் தானாக வந்து குடியேறிய பச்சை நிறக் கும்பிடுபூச்சிக்கு நேர்ந்ததும் அதுதான். ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில், பெரும்பாலும் விடிவதற்கு முன்போ காலையிலோ சிங்கப்பூரைக் கடந்து செல்லும் சுமத்ரா சூறைக்காற்று ஒன்று செடியை உலுக்கியதில், பாதி உரித்த தோலோடு அது தொட்டி மண்ணில் விழுந்து கிடந்தது. இடது நடுக்கால் பழைய தோலுக்குள்ளேயே சிக்கியிருந்தது. வலது பின்னங்கால் முழங்காலுக்குக் கீழே வளைந்திருந்தது. இரை பிடிக்கும் முன்னங்கால்களில் வலப்பக்கத்துக் காலின் நுனிப் பாதம் சுருண்டிருந்தது. முதுகில் சிறகு மொட்டுகள் சிறியனவாகவே இருந்ததைப் பார்த்து, அது இன்னும் முதிர்ச்சி அடையவில்லை, மேலும் தோலுரிக்க இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். சிகிச்சையைத் தொடங்கலாமா என்பதை முடிவு செய்ய இந்த ஒரு செய்தியே போதுமானது. சிறகு முழுதாக வந்த பூச்சி மறுபடி தோலுரிக்காது; அதன் காயம் கடைசிவரை காயமாகவே இருக்கும். சிறகு வராத பூச்சிக்கோ அடுத்த தோலுரிப்பே மருந்து. அதுவரை அதை உயிரோடு வைத்திருப்பதுதான் நம் வேலை.

பழைய தோலைப் பிடித்து இழுக்க வேண்டும் என்று கை பரபரக்கும், இழுக்கக் கூடாது. உள்ளே இருக்கும் கால் தோலைவிட மென்மையானது, ஆகையால் தோலுக்கு முன்னால் கால்தான் பிய்ந்து வரும். ஒரு குச்சியை அதன் நல்ல கால்களுக்கு அருகில் நீட்டி, அது தானாகப் பற்றியதும் குச்சியைத் தலைகீழாகப் பிடித்து, முதலில் அதைத் தொங்க வைத்தேன். விழுந்த பூச்சிக்குச் செய்ய வேண்டிய முதலுதவி இதுவே; தொங்கினால்தான் கால்கள் நேராக நீண்டு இறுகும். பிறகு, ஆற வைத்த கொதிநீரில் மெல்லிய ஓவியத் தூரிகையை நனைத்து, சிக்கியிருந்த தோலின் மேல் மட்டும் தொட்டுத் தொட்டு ஈரப்படுத்தினேன். வயிற்றை ஒட்டியிருந்த தோல் இளகிக் கழன்றது. நடுக்காலைச் சுற்றியிருந்தது மட்டும் அசையவில்லை. அந்தக் காலைப் பூச்சியே பின்னர் தொடையின் அடிமூட்டில் கழற்றிவிட்டது. பார்ப்பவர்களுக்கு இது பயங்கரமாகத் தோன்றினாலும், அந்த மூட்டு அவ்வாறு கழல்வதற்கென்றே அமைந்தது, காயமும் உடனே தானாக மூடிக்கொள்கிறது. வேறு இடத்தில் உடைந்து உடல்நீர் கசிந்தால் சிறிது சோளமாவைத் தொட்டு வைப்பது பூச்சி வளர்ப்போர் வழக்கம். எனக்கு அதற்குத் தேவை ஏற்படவில்லை. வளைந்த பின்னங்காலுக்குக் கட்டுப் போடும் எண்ணம் வந்தது. ஆனால் நான் கண்டபோதே அது ஓரளவு இறுகிவிட்டதால் தொடவில்லை.

அம்மா இதையெல்லாம் பார்த்துவிட்டு, "பாவம், அதை ஏன்டி இப்படிப் பாடுபடுத்துறே, நிம்மதியாப் போக விட்டுடேன்," என்றார். அந்தக் கேள்வியை நான் ஒதுக்கவில்லை. தொங்க முடிகிறதா, வாய் அசைகிறதா, உண்டதைக் கழிக்க முடிகிறதா என்ற மூன்றையும் பார்த்து முடிவு செய்யலாம் என்று தீர்மானித்தேன். வயிறு முறுக்கிக்கொண்டு கழிவு வெளியேறாத பூச்சியைக் காப்பாற்ற நினைப்பது, என் கருத்தில், அதன் வேதனையை நீட்டிப்பதே. கால் இல்லாதது அவ்வளவு பெரிய குறை அன்று. ஐந்து கால்களோடு, ஏன், நான்கு கால்களோடும் கும்பிடுபூச்சி வாழும்.

அது குணமாகும்வரை தங்குவதற்கு வலைத்துணியால் ஆன கூண்டைத் தேர்ந்தெடுத்தேன். வழவழப்பான பிளாஸ்டிக் சுவரில் காலிழந்த பூச்சியால் ஏற முடியாது. கூண்டின் உயரம் பூச்சியின் நீளத்தைப்போல் குறைந்தது மூன்று மடங்காவது இருக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த தோலுரிப்பில் இறங்க இடம் போதாமல் மறுபடியும் ஊனமாகும். தரையில் பல மடிப்பாக மெல்லிய காகிதத்தை விரித்தேன். கூண்டை வெயில் படாத சன்னலோரத்தில் வைத்தேன். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதால் வெளிக்காற்றே அதற்குப் போதும். ஆனால் குளிர்சாதனம் ஓடும் படுக்கையறையில் காற்று வறண்டு, அடுத்த தோலும் ஒட்டிக்கொள்ள வாய்ப்புண்டு.

எறும்புகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தீனியின் மிச்சத்தை மோப்பம் பிடித்து வரும் சிற்றெறும்புகள், ஓட முடியாத பூச்சியை உயிரோடு அரித்துவிடும். கூண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைப்பது நம் வீடுகளில் காலங்காலமாக உள்ள வழிதான் என்றாலும், டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த தேங்கு நீரில் முட்டையிடும் இந்த ஊரில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கால்களில் வாசலின் தடவினேன்; அதுவே போதுமானதாக இருந்தது.

புதுத்தோல் இறுகும்வரை உணவு கொடுக்கக் கூடாது, ஏனெனில் வாயுறுப்புகளும் அப்போது மென்மையாகவே இருக்கும். மறுநாள் தூரிகை நுனியில் ஒரு துளி நீரை வாயருகே நீட்டியபோது அது குடித்தது. என் கவலையில் பாதி அப்போதே தீர்ந்தது. அடுத்து இரை. சிராங்கூன் நார்த் வட்டாரத்தில் செல்லப்பிராணிக் கடைகள் பல உள்ளன. சாமா, மாத்தா பூத்தே முதலிய பாடும் பறவைகளை வளர்ப்போருக்காக உயிருள்ள மாவுப்புழுவும் சுவர்க்கோழியும் கடைகளில் விற்கப்படுகின்றன. தாழ்வாரத்தில் திரியும் பூச்சிகளைப் பிடித்துக் கொடுப்பது எளிது என்றாலும், கொசு மருந்து அடிக்கும் இடங்களில் அவற்றின் உடலில் நஞ்சு இருக்கக்கூடும். மாவுப்புழுவின் தலையை நீக்கி, வெட்டிய பக்கத்தை இடுக்கியால் வாயில் தொட வேண்டும். முதலில் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும், முன்னங்காலால் தட்டிவிடும், பின்வாங்கும். புழுவின் சாறு வாயில் பட்டுச் சுவை தெரிந்த பிறகு, அதுவே இடது முன்னங்காலால் பற்றிக்கொண்டு கொறிக்கத் தொடங்கியது. தேன் கலந்த நீரைச் சிலர் கொடுக்கிறார்கள்; மிகவும் சோர்ந்த பூச்சிக்கு ஒரு துளி உதவலாம், அதை உணவாகவே கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வயிறு தட்டையாகவும் சுருக்கமாகவும் இருந்தால் ஊட்டினேன், உருண்டிருந்தால் விட்டுவிட்டேன்.

சில வாரங்கள் கழித்து அது இரையைத் தொடாமல் ஒதுக்கியது, அசைவும் குறைந்தது. காயத்தால் நோய் வந்துவிட்டதோ என்று பதற்றமடைய வேண்டிய கட்டம் இது இல்லை. சிறகு மொட்டுகள் பருத்திருப்பதையும், கூண்டின் கூரையைப் பற்றிக்கொண்டு அசையாமல் தொங்குவதையும் கண்டால் அடுத்த தோலுரிப்பு நெருங்கிவிட்டது என்று கொள்ளலாம். மிச்சமிருந்த உயிருள்ள இரையை வெளியே எடுத்துவிட்டேன், ஏனெனில் தோலுரிக்கும் பூச்சியைச் சுவர்க்கோழி கடித்துவிடும். மாலையில் கூண்டின் வெளிப்புறத்தில் சிறிது நீர் தெளித்ததோடு சரி, பிறகு கூண்டை நகர்த்தவும் இல்லை, திறக்கவும் இல்லை.

காலையில் பார்த்தபோது பழைய தோல் முழுதாகக் கூரையில் தொங்கியது. இழந்த நடுக்கால் இருந்த இடத்தில் மற்றவற்றைவிடச் சிறிய, வெளிர்நிறக் கால் ஒன்று முளைத்திருந்தது. வளைந்த பின்னங்கால் பெரும்பாலும் நிமிர்ந்திருந்தது. சுருண்ட நுனிப் பாதம் மட்டும் அப்படியே இருந்தது. அந்தக் குறையோடும் அதனால் சுவர்க்கோழியைத் தானே பிடிக்க முடிகிறதா என்று கூண்டுக்குள் வைத்தே பல முறை சோதித்து, அது தடுமாறாமல் பிடிப்பதை உறுதி செய்த பின்னரே கறிவேப்பிலைச் செடியில் மறுபடி விட்டேன். இம்முறை தொட்டியைத் தாழ்வாரத்தின் விளிம்பிலிருந்து உள்பக்கச் சுவரோரம் தள்ளி, தீயணைப்பு விதிப்படி நடப்பதற்கு 1.2 மீட்டர் வழி எஞ்சியிருக்கிறதா என்று அளந்து பார்த்துக்கொண்டு, காற்றில் ஆடாதபடி செடியின் தண்டை ஒரு மூங்கில் குச்சியோடு சேர்த்துக் கட்டினேன்.