முதலில் ஊகம், பிறகு சோதனை

அரியலூர் மாவட்டத்தில் அறிவியல் ஆசிரியையாக இருப்பதில் ஒரு வசதி உண்டு. வேறு ஊர்ப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படமாகப் பார்ப்பது, இங்கே சுண்ணாம்புக்கல் லாரியிலிருந்து விழுந்து ரோட்டோரம் கிடக்கும். ஆறு முதல் எட்டு வரை அறிவியல் எடுக்கிறேன். என் பிள்ளைகளின் பெற்றோரில் பலர் சிமெண்ட் ஆலையையோ லாரியையோ நம்பிப் பிழைப்பவர்கள். மற்றவர்கள் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிறவர்கள். கல், வெயில், பயிர் எதுவுமே இந்தப் பிள்ளைகளுக்குப் புதிதில்லை.

அதனாலேயே, வகுப்பில் ஒரு சோதனையைச் செய்து காட்டிவிட்டால் மட்டும் பாடம் நடந்துவிடுவதில்லை. கைதட்டுவார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் வழி ஒன்றுதான். பொருளைத் தொடுவதற்கு முன்னால், என்ன நடக்கும் என்று ஒவ்வொருவரும் பேனாவால் நோட்டில் எழுதிவிட வேண்டும். ஏன் அப்படி நினைக்கிறாய் என்று கூடவே ஒரு வரி. பிறகு அடிக்கக் கூடாது, அழிக்கக் கூடாது. 2022 நவம்பரில் அரசின் வானவில் மன்றம் என்ற அறிவியல் சோதனைத் திட்டம் தொடங்கியதிலிருந்து எளிய சோதனைகளுக்கான பொருள்கள் அரசுப் பள்ளிகளுக்கு ஓரளவு வந்துசேர்கின்றன. ஊகத்துக்கு அதுகூடத் தேவையில்லை.

கல்லிலிருந்தே தொடங்குகிறேன். ரோட்டில் பொறுக்கிய சுண்ணாம்புக்கல், சத்துணவுக் கூடத்தில் மிஞ்சிய முட்டை ஓடு, கரும்பலகையில் எழுதும் சாக்பீஸ். மூன்றையும் தனித்தனியாகப் பொடித்து, மூன்று மூடிகளில் வைத்து, எலுமிச்சைச் சாறு விட வேண்டும். எது நுரைக்கும்? ஏறக்குறைய எல்லாரும் சாக்பீஸ் என்றே எழுதுவார்கள். வெள்ளையாக, மாவு மாவாக இருக்கிறதே! நடப்பது வேறு. கல்லும் முட்டை ஓடும் குமிழ் விடும், சாக்பீஸ் சும்மா ஊறிக் கிடக்கும். நாம் எழுதும் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம் என்ற வேறொரு தாதுவால் ஆனது. அதே ஜிப்சம் காரை என்ற ஊரின் பக்கத்துச் செம்மண் மேடுகளில் கோடு கோடாக ஓடுகிறது என்று சொன்னால், அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் திங்கட்கிழமை பை நிறையக் கொண்டுவந்துவிடுவார்கள்.

முட்டை ஓடும் மலைபோல் வெட்டியெடுக்கும் கல்லும் ஏன் ஒரே மாதிரி நுரைக்க வேண்டும் என்ற கேள்வியில்தான் கடல் உள்ளே வருகிறது. இரண்டிலும் இருப்பது கால்சியம் கார்பனேட், கடல் சிப்பியின் ஓட்டிலும் அதுதான். டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் இந்தப் பகுதி கடலுக்கடியில் இருந்தது. ஏறத்தாழ 7 முதல் 10 கோடி ஆண்டுக்கு முந்திய சிப்பிகளும், ஆட்டுக்கடாவின் கொம்பு போலச் சுருண்ட அம்மோனைட்டுகள் என்ற கடலுயிர்களின் ஓடுகளும் இந்தப் பகுதிப் பாறைகளுக்குள் இருக்கின்றன. 1862-இல் வெளியான புவியியலாளர் பிளான்ஃபோர்டின் ஆய்வு இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்றாகப் பிரித்தது. பின்னால் வந்தவர்கள் அரியலூர்ப் பாறைகளை இன்னும் பிரித்து சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கல்லமேடு என்று பெயரிட்டார்கள். பஸ் போர்டில் பார்க்கும் பெயர்கள் உலகப் புவியியல் ஏடுகளில் இருக்கின்றன என்பதைப் பிள்ளைகள் முதலில் நம்புவதே இல்லை. கல்லங்குறிச்சிப் பையன் ஒருவன் அதன்பிறகு ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

சுரங்கத்துக்குள் பிள்ளைகளை அழைத்துப் போவதில்லை. ஆழம், வெடி, லாரி என்று ஆபத்து அதிகம். வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகம் போதும்.

ஒளிக்கு எங்களுக்கு வேண்டியது ஒரு மீட்டர் குச்சியும் மேகமில்லாத வானமும். ‘நண்பகல் 12 மணிக்கு நிழல் எந்தப் பக்கம் விழும்?’ எல்லாரும் எழுதுவது ‘காலடியில், நிழலே இருக்காது’. தினமும் அப்படித்தான் என்று பெரியவர்களே நம்புகிறார்கள். ஜூன் 21-ஐ ஒட்டி அளந்தால், ஒரு மீட்டர் குச்சிக்குத் தெற்குப் பக்கமாக ஏறக்குறைய 22 சென்டிமீட்டர் நிழல் இருக்கும். சூரியன் அப்போது நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. டிசம்பர் 21 வாக்கில் அதே குச்சிக்கு வடக்கே 69 சென்டிமீட்டர் போல நீளும். நிழல் முழுதும் மறைவது அரியலூரில் ஆண்டுக்கு இரண்டே முறை, ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் 23-ஐ ஒட்டியும். அதுவும் 12 மணிக்கு இல்லை, 12.15 வாக்கில். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கக்கோட்டுக்கு வைத்தது. நாம் 79 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே கணக்குப் போட்டுவிடுவார்கள்.

பயிர்ப் பாடத்தில்தான் ஊகம் எழுதுவதன் பலனை முழுசாகப் பார்த்தேன். 100 கிராம் பாசிப்பயறு வீதம் இரண்டு தட்டுகளில் ஈரத்துணி விரித்துப் பரப்பினோம். ஒன்று வெயில் படும் வராந்தாவில், மற்றது பீரோவுக்குள். எது உயரமாக வளரும் என்று கேட்டேன். வகுப்பே வராந்தா என்று எழுதியது. ஒரு மாணவி மட்டும் பீரோ என்று எழுதியிருந்தாள். காரணம் கேட்டேன்.

“முளைப்பாரி இருட்டுல வெச்சாத்தான் டீச்சர் உசரமா வரும். எங்க ஆயா கதவையே தொறக்க விடாது.”

சிலர் சிரித்தார்கள். பீரோவைத் திறந்த அன்று யாரும் சிரிக்கவில்லை. வராந்தாப் பயிர் கட்டையாக, பச்சையாக நின்றது. பீரோவில் இருந்தது அதைவிட நெட்டையாக, வெளிறிய மஞ்சளில், தலை தொங்கிக் கிடந்தது. அம்மன் திருவிழாவுக்கு ஊர்ப் பெண்கள் காலம் காலமாக இருட்டறையில் செய்துவரும் சோதனை இது. மண்ணுக்கு மேலே வெளிச்சம் எங்கே என்று தேடித்தான் தண்டு நீள்கிறது. பச்சையம் சேர்க்கும் வேலையை அது அதுவரை தள்ளி வைக்கிறது.

‘அப்படியென்றால் எது நன்றாக வளர்ந்திருக்கிறது?’ என்று கேட்டதும் சண்டையே வந்துவிட்டது. உயரத்தைச் சிலர் சொன்னார்கள், பச்சையைச் சிலர். எடை போடலாம் என்றான் ஒருவன். ஈரத்தோடு போட்டால் தண்ணீரின் எடையும் சேரும் என்று இன்னொருத்தி தடுத்தாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவளுக்கு எத்தனை மதிப்பெண் வேண்டுமானாலும் போடுவேன். இரண்டு வாரம் ஆனதும் இரண்டு தட்டையும் மொறுமொறுவென்று வெயிலில் காயவைத்து, மளிகைக் கடைத் தராசில் நிறுத்தோம். வராந்தாத் தட்டு 100 கிராமைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. பீரோத் தட்டு 100-ஐ எட்டவே இல்லை. அவ்வளவு நெட்டையாக வளர்ந்தது, போட்ட விதையைவிட எடை குறைந்திருக்கிறது.

மீதி எங்கே போனது? விதையில் இருந்த சேமிப்பை எரித்துத்தான் அது உயரம் வாங்கியது. எரிந்தது கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் போய்விட்டது. வராந்தாப் பயிர் வெளிச்சத்தை வைத்துக் காற்றிலிருந்து அதையே திரும்பப் பிடித்து உடம்பில் சேர்த்துக்கொண்டது. மரத்தின் எடை மண்ணிலிருந்து வருகிறது என்று எழுதியிருந்தவர்களுக்கு வான் ஹெல்மான்ட் என்ற ஐரோப்பிய அறிஞரின் கதையைச் சொன்னேன். 17-ஆம் நூற்றாண்டில் 200 பவுண்டு மண்ணில் ஒரு வில்லோக் கன்றை நட்டு ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றியவர். மரம் 169 பவுண்டுக்கு வளர்ந்தது, மண்ணில் குறைந்ததோ இரண்டு அவுன்ஸ் போல. எல்லாம் தண்ணீர்தான் என்று அவர் முடிவு கட்டினார். காற்றை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு சாத்தனூரில் கல்லாகிப்போன மரத்தைப் பார்க்கப் போனால் பிள்ளைகளின் கேள்விகளே வேறு மாதிரி இருக்கும். 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் அந்த மரத்தைப் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் உலகுக்குத் தெரியப்படுத்தினார். அங்கே சாறு ஊற்றக் கூடாது, பாதுகாக்கப்பட்ட இடம் என்று கிளம்பும்போதே சொல்லிவிடுவேன். நுரைக்குமா என்ற ஊகம் மட்டும் நோட்டில் இருக்கும். நுரைக்காது, மரத்தின் இடத்தைப் பிடித்தது சுண்ணாம்பு இல்லை, மணலில் இருக்கும் சிலிக்கா.

பஸ்ஸில் திரும்பும்போது எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: “டீச்சர், எலுமிச்சை ஊத்துனா சுண்ணாம்புக்கல்லுல வர்ற குமிழும் கார்பன் டை ஆக்சைடுதானே? அப்ப அது அந்தக் கடல் காலத்துக் காத்தா?” அன்றைய கடல்நீரில் கரைந்திருந்த வாயுவைச் சிப்பிகள் ஓடாகக் கட்டிவைத்தன, அதுதான் வெளியே வருகிறது என்றேன். “அப்ப சிமெண்ட் ஃபேக்டரியில கல்லைச் சுடும்போது?” என்றான். அப்போதும் அதேதான்.

மறுநாள் போர்டில் எழுதிப் போட்டேன்: 100 கிராம் தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். அவன் அப்பா லாரி ஓட்டுகிறார். ஒரு லோடுக்கு எத்தனை டன் என்று அவனுக்குத் தெரியும், ஒரு நாளைக்கு எத்தனை நடை என்றும் தெரியும். பெருக்க ஆரம்பித்தான். பாதி வகுப்பு அவனோடு சேர்ந்துகொண்டது, அன்றைக்கு எடுக்க வேண்டிய பாடத்தை அடுத்த நாளைக்குத் தள்ளிவைத்தேன்.