ஜூன் மாத ஓட்டு

எனக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது 2015இல். சத்தியப்பிரமாணம் முடிந்து வெளியே வந்தால் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி வாக்காளர் பதிவுப் படிவத்தை நீட்டினார், கட்சி என்ற இடத்தில் ஜனநாயகக் கட்சி என்று குறித்துவிட்டு அங்கேயே நின்று கையெழுத்துப் போட்டேன். எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு, மணிக்கு 15 டாலர் கூலி, கடன் இல்லாத கல்லூரிப் படிப்பு என்று பேசுகிறவர்கள் அந்தப் பக்கம்தான் இருந்தார்கள், இடதுசாரி செனட்டர் பெர்னி சாண்டர்ஸும் அந்த வருடம்தான் ஜனாதிபதி பதவிக்கான களத்தில் இறங்கியிருந்தார். அதையெல்லாம்விட, பிரைமரி என்ற ஏற்பாடே எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. நம்ம ஊரில் விருப்ப மனுவுக்குப் பணம் கட்டுவார்கள், நேர்காணல் நடக்கும், அப்புறம் தலைமை ஒரு நாள் பட்டியலை வெளியிடும், முப்பது வருடம் கொடி பிடித்த தொண்டனும் தன் தொகுதி வேட்பாளர் யார் என்பதை டிவியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான். இங்கே கட்சியின் வேட்பாளரையே என்னைப் போன்ற ஒருத்தி ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம் என்றதும் நான் அதை முழுசாக நம்பினேன்.

நியூஜெர்ஸியில் பிரைமரி ஜூன் மாதம். அயோவாவும் நியூ ஹாம்ப்ஷயரும் 2016இலும் 2020இலும் பிப்ரவரியிலேயே ஆரம்பித்துவிட்டன, நாங்கள் வரிசையின் கடைசியில் நிற்போம். 2016இல் எங்கள் நாள் ஜூன் 7, கலிபோர்னியாவுக்கும் அதே நாள். முந்தின நாள் இரவே, ஹிலாரி கிளிண்டனுக்குத் தேவையான டெலிகேட்டுகள், அதாவது கட்சி மாநாட்டில் வேட்பாளரை முடிவு செய்யும் பிரதிநிதிகள், கிடைத்துவிட்டதாக அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அறிவித்துவிட்டது. அந்தக் கணக்கில் சூப்பர் டெலிகேட்டுகளும் சேர்த்தி, அதாவது பிரைமரியில் யாரும் ஓட்டுப் போட்டு அனுப்பாத, எம்.பி., கவர்னர், கட்சி நிர்வாகி என்ற தகுதியிலேயே மாநாட்டில் ஓட்டு உள்ளவர்கள். மறுநாள் காலை நான் சாவடிக்குப் போனபோது உள்ளே தேர்தல் பணியாளர்களைத் தவிர இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அந்த வருடம் ஹிலாரிக்கு நாடு முழுக்க சாண்டர்ஸைவிட முப்பது லட்சத்துக்கும் மேல் அதிக ஓட்டு, எங்கள் மாநிலத்திலும் அவர்தான் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். ஓட்டைத் திருடிவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொன்ன நண்பர்களோடு சண்டையும் போட்டிருக்கிறேன். சூப்பர் டெலிகேட்டுகளுக்கு முதல் சுற்றில் ஓட்டு கிடையாது என்று 2018இல் கட்சியே விதியை மாற்றியதும் எங்கள் ஆட்கள் விடாமல் சண்டை போட்டதால்தான்.

2020 வேறு மாதிரி வலித்தது. நியூ ஹாம்ப்ஷயரும் நெவாடாவும் சாண்டர்ஸுக்கு. பிப்ரவரி 29 சவுத் கரோலைனாவில் பைடன் ஜெயித்தார். மறுநாள் போட்டியில் இருந்த பூட்டிஜெஜ் விலகினார், அதற்கு மறுநாள் இன்னொரு போட்டியாளர் க்ளோபுஷார், இருவரும் அன்றே பைடனுக்கு ஆதரவு. அடுத்த நாள் 14 மாநிலங்களில் ஓட்டுப்பதிவு. மூன்றே நாளில் களம் புரண்டது. அதை நான் சதி என்று சொல்ல மாட்டேன், அரசியலில் ஒன்றுசேர்வதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு, எங்கள் பக்கம் வாரனும் சாண்டர்ஸும் அப்படிச் சேரவில்லை என்பது எங்கள் தவறு. ஆனால் ஏப்ரல் 8ஆம் தேதி சாண்டர்ஸ் நிறுத்திக்கொண்டார், கொரோனாவால் தள்ளிப்போன எங்கள் பிரைமரி நடந்ததோ ஜூலை 7. தபாலில் வந்த சீட்டில் அவர் பெயரைக் குறித்து, உறையை ஒட்டி, பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன். இரண்டு தேர்தல், இரண்டு முறையும் முடிந்துபோன பந்தயத்துக்கு ஓட்டு. 2024இல் பெயருக்குத்தான் போட்டி. பைடனுக்கு ஜூன் 4 ஓட்டுப் போட்டோம், ஜூலை 21 அவரே விலகினார்.

ஜனாதிபதியை விடுங்கள். எங்கள் மாநிலத்துக்குள்ளேயே நடந்ததுதான் எனக்கு அதிக ஆத்திரம் தந்தது.

நியூஜெர்ஸியின் கவுண்டி லைன் (கவுண்டி என்பது நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) பற்றி வெளி மாநிலத் தமிழர்கள் பலருக்குத் தெரியாது. மற்ற மாநிலங்களில் ஒரு பதவி, அதன் கீழே போட்டியிடுபவர்களின் பெயர்கள் என்று வாக்குச்சீட்டு இருக்கும். எங்களிடம் 2023 வரை 21 கவுண்டிகளில் 19இல், கவுண்டி கட்சி ஆதரிக்கும் ஆட்கள் எல்லோரும், மேலே செனட்டர் முதல் கீழே ஊர் கவுன்சில் வரை, ஒரே வரிசையில் நிற்பார்கள். அந்த ஆதரவு இல்லாதவர் எங்கோ ஓரத்தில், நடுவில் வெற்றுக் கட்டங்கள் தாண்டி, தனியாக இருப்பார். சைபீரியா என்பார்கள் அந்த இடத்தை. சில கவுண்டிகளில் அந்த வரிசையில் யார் என்பதை ஒரே ஒரு தலைவர் முடிவு செய்வார். நான் கடல் கடந்து வந்து விட்டுவிட்டதாக நினைத்த அதே தலைமைப் பட்டியல், வாக்குச்சீட்டின் வடிவத்தில் எனக்காகக் காத்திருந்தது.

ஒரு உள்ளூர் பதவிக்கு நின்ற பெண் ஒருவருக்காக ஒரு மே மாதம் முழுக்க வீடு வீடாகப் போனேன். பள்ளி ஆசிரியை, லைன் இல்லை. எங்கள் தெரு அண்ணன் ஒருவர், பல வருடமாகக் கட்சி வேலை செய்கிறவர், அக்கறையோடுதான் சொன்னார்: “ஏம்மா, லைன்ல இல்லாத ஆளுக்கு எதுக்கு வெயில்ல அலையறே?” அந்தப் பெண் தோற்றார். தேர்தலுக்கு அப்புறம் பக்கத்து வீட்டு அம்மா சொன்னதுதான் மனதிலேயே நிற்கிறது. அவர் பெயரைத் தேடினேன், கிடைக்கவில்லை, கட்சி வரிசையில் இருந்தவருக்கே போட்டுவிட்டேன் என்றார்.

அந்த வரிசை உடைந்தது அப்போது எங்கள் மாநில எம்.பி.யாக இருந்த ஆண்டி கிம்மால். 2023 செப்டம்பரில் செனட்டர் மெனன்டெஸ் மீது லஞ்சக் குற்றச்சாட்டு வந்த மறுநாளே, யாரையும் கேட்காமல் அந்தப் பதவிக்கு நிற்கிறேன் என்று சொன்னார் கிம். நவம்பரில் அப்போதைய கவர்னரின் மனைவி டாமி மர்ஃபி களத்தில் இறங்கினார், அதுவரை எந்தப் பதவிக்கும் தேர்தலில் நின்றவர் இல்லை; பெரிய கவுண்டித் தலைவர்கள் சில நாட்களிலேயே அவர் பின்னால் நின்றார்கள். ஆனால் மான்மத் கவுண்டி மாநாட்டில் கட்சி உறுப்பினர்களையே ஓட்டுப் போட விட்டதும் கிம் ஜெயித்தார். 2024 பிப்ரவரியில் வழக்குப் போட்டார், மார்ச் 24 மர்ஃபி விலகினார், மார்ச் 29 நீதிபதி ஜாஹித் குரேஷி அந்த வருட ஜனநாயகக் கட்சி பிரைமரியில் லைன் கூடாது என்று தடை விதித்தார். அந்த ஜூனில் செனட் பதவிக்கு நின்ற மூன்று பெயர்களும் ஒரே கட்டத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாக. சாவடியில் அந்தச் சீட்டைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. கிம் இடதுசாரி இல்லை, எனக்கு அவரோடு பல விஷயங்களில் ஒத்துப்போகாது, ஆனாலும் அந்த ஒரு காரியத்துக்காக அவருக்கு நான் என்றைக்கும் நன்றி சொல்வேன்.

லைன் போனதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2025 கவர்னர் பிரைமரியில் ஆறு பேர். நெவார்க் மேயர் ராஸ் பராக்காவுக்கு நான் போட்டேன், குடியேறிகளை அடைத்துவைக்கும் தடுப்பு மையத்தின் வாசலில் மே மாதம் கைதானவர் அவர். அப்போது ஜெர்ஸி சிட்டி மேயராக இருந்த ஃபுலப்பும் ஏறக்குறைய எங்கள் பக்கம். மிகி ஷெரில் 34 சதவீதத்தில் ஜெயித்தார், அவர்கள் இருவருக்கும் சேர்த்து விழுந்தது அதைவிடச் சற்று அதிகம். ஓட்டுப் பிரிந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இரண்டே வாரம் கழித்து, ஜூன் 24, ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூயார்க் மேயர் பிரைமரியில் என்ன நடந்தது? அங்கே ஐந்து பேர் வரை வரிசைப்படுத்தி ஓட்டுப் போடலாம். எங்கள் இடதுசாரிப் பக்கத்து மம்தானியும் பிராட் லாண்டரும் போட்டியாளர்களாக இருந்துகொண்டே, எனக்கு முதலிடம், அவருக்கு இரண்டாவது என்று ஒருவருக்கொருவர் ஓட்டுக் கேட்டார்கள். எண்ணி முடித்தபோது மம்தானிக்கு 56 சதவீதம்.

அதற்கப்புறம் நடந்ததுதான் என்னை இதை எழுத வைத்தது. நவம்பர் பொதுத்தேர்தலில் நாங்கள் முரண்டு பிடித்தால் 2000ஆம் வருடத்தைச் சொல்வார்கள்: ஃபுளோரிடாவில் பசுமைக் கட்சியின் நேடர் 97,000 ஓட்டுகளைப் பிரித்தார், புஷ் 537 ஓட்டில் ஜெயித்தார். அந்தப் பயம் நியாயமானது, அதனால்தான் நான் ஹிலாரிக்கும் பைடனுக்கும் ஹாரிஸுக்கும் ஷெரிலுக்கும் தவறாமல் போட்டேன், போடாத நண்பர்களிடம் கெஞ்சியும் இருக்கிறேன். ஆனால் எங்கள் ஆள் மம்தானி பிரைமரியில் முறையாக ஜெயித்தபோது, அவரிடம் தோற்ற முன்னாள் கவர்னர் குவோமோ சுயேச்சையாக நின்றார், அதே நியூயார்க்கைச் சேர்ந்த, செனட்டில் ஜனநாயகக் கட்சியின் தலைவர் ஷூமர் கடைசி வரை கட்சி வேட்பாளருக்கு ஆதரவு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தோற்றால் கட்சிக்குக் கட்டுப்படு என்பது எங்களுக்கு மட்டும்தானா?

மகளுக்கு இப்போது 17. நவம்பர் தேர்தலுக்குள் 18 ஆகிவிடும் பிள்ளைகள் ஜூன் பிரைமரியிலேயே ஓட்டுப் போடலாம் என்று எங்கள் மாநிலத்தில் 2026 முதல் சட்டம் வந்துவிட்டது. படிவத்தை நிரப்பும்போது கட்சி என்ற இடத்தில் பேனா நின்றது. “எதுக்கும்மா இவங்க பேரைப் போடணும்? உன்னை இவங்க எப்பவாவது மதிச்சிருக்காங்களா?” என்றாள். எங்கள் ஊரில் நவம்பர் தேர்தல் பெரும்பாலும் ஜூனிலேயே முடிந்துவிடுகிறது, ஜூனில் உள்ளே இல்லாவிட்டால் நமக்கு வேறு இடமே இல்லை என்றேன். அவள் சமாதானம் ஆகவில்லை. கட்சி சாராதவர் என்று குறித்தாள், பிரைமரி அன்று சாவடியிலேயே கட்சியைச் சொல்லிக்கொள்ள இங்கே விதி அனுமதிக்கிறது, அன்றைக்கு யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்றாள். படிவத்தை இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன்.