அழிக்கப் பயப்படாத சாவிப்பெட்டி

போன ஐப்பசியில் நான்கு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலையில் மன்னார்குடியிலிருந்து சித்தப்பா போன் செய்தார். "தம்பி, கணக்கு திறக்க மாட்டேங்குது. பெட்டியை யாரும் தொடவே இல்லப்பா." அவரும் ஊர்க்காரர்களும் நடத்தும் உழவர் குழுவின் வரவு செலவு, உறுப்பினர்களின் ஆதார், வங்கி விவரம் எல்லாம் ஒரு லேப்டாப்பில் குறியாக்கம் செய்து வைத்திருக்கிறோம். அதைத் திறக்கும் சாவியை, அதாவது ஒரு நீண்ட ரகசிய எண்ணை வைக்க, கும்பகோணத்தில் என் மேஜையில் உட்கார்ந்து நானே செய்து கொடுத்த பெட்டி அது. யாராவது உடைக்க வந்தால் சாவியை அழிக்க வேண்டிய பெட்டி, யாரும் தொடாமலே தானாக அழித்திருந்தது.

இப்படிச் சாவியைக் காப்பதற்கென்றே விற்கும் எச்எஸ்எம் (ஹார்டுவேர் செக்யூரிட்டி மாட்யூல்) கருவிகள் லட்சக்கணக்கில் விலை. என் பெட்டிக்குள் இருப்பது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 'ப்ளூ பில்' என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு. அதிலுள்ள எஸ்டிஎம்32எஃப்103 சிப்பில், கரண்ட் போனாலும் காயின் செல்லில் பிழைத்திருக்கும் 20 பைட் நினைவகமும், கூடவே யாராவது கைவைத்தால் கண்டுபிடிக்கும் ஒரு டேம்பர் பின்னும் உண்டு. பின்னின் நிலை மாறினால் 20 பைட்டும் உடனே காலி, அதற்கு ப்ரோக்ராம் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. 128 பிட் சாவிக்கு 16 பைட் போதும். (போர்டின் எல்இடியும் அதே பின்னில்தான் இருக்கிறது, முதலில் அதைக் கழற்றிவிடுங்கள்.) சாவியை ஃப்ளாஷில், அதாவது ப்ரோக்ராம் இருக்கும் நிரந்தர நினைவகத்தில், வைத்துவிடாதீர்கள். இந்தச் சிப்பின் ஃப்ளாஷ் பூட்டை உடைக்கும் வழியை 2020-இலேயே ஆய்வாளர்கள் வெளியிட்டுவிட்டார்கள்.

பெட்டியின் ஆறு பக்கமும் பிசிபி, அதாவது செம்புக் கோடுகள் பதித்த சர்க்யூட் பலகை. உள்பக்கம் முழுக்க இரண்டு செம்புக் கோடுகள், சிக்குக் கோலம் மாதிரி ஒன்றையொன்று உரசாமல் வளைந்து வளைந்து போகும். ஒன்றில் டேம்பர் பின்னுக்குப் போகும் 3 வோல்ட், மற்றது கிரவுண்ட். துளை போட்டால் கோடு அறும், இல்லையென்றால் இரண்டும் ஒட்டும், எப்படியானாலும் சாவி போய்விடும். கோயில் உண்டியலில் அரக்கு முத்திரை வைப்பது யாராவது திறந்தால் தெரிவதற்காக. எனக்கு அது போதாது, திறந்தவன் கையில் ஒன்றுமே கிடைக்கக் கூடாது.

சரி, தொடாத பெட்டி ஏன் அழித்தது? பேட்டரியை மிச்சப்படுத்த 3 வோல்ட்டை 10 மெகாஓம் ரெசிஸ்டர் வழியாகக் கொடுத்திருந்தேன். சால்டர் செய்தபின் போர்டைச் சரியாகக் கழுவவில்லை. பிரித்து லென்ஸில் பார்த்தபோது, இரண்டு கோடுகளுக்கும் நடுவே ஃப்ளக்ஸ், அதாவது சால்டருக்குப் பயன்படுத்தும் பசை, பிசுபிசுவென்று மங்கலாகப் படிந்திருந்தது. அது மழை ஈரத்தை இழுத்து, சில மெகாஓம் அளவுக்குக் கசிவு உண்டாகி, வோல்டேஜ் இறங்கி, சிப் அதைத் தாக்குதல் என்று நினைத்துவிட்டது. இப்போது ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் கழுவி, 1 மெகாஓம் போட்டு, மொத்தத்தையும் எபாக்ஸி பிசினில் மூழ்கடித்துவிடுகிறேன். பேட்டரிக்கு அது பெரிய சுமை இல்லை.

ஆனால் ஈரத்தைவிடப் பெரிய ஓட்டை வேறு. அன்றைக்குக் கணக்கு திரும்பக் கிடைத்தது, சாவியை ஒரு காகிதத்தில் எழுதி என் பீரோவில் வைத்திருந்ததால். என் பீரோவை உடைத்தால் எல்லாமே போச்சு, அப்புறம் அந்தப் பெட்டிக்கு என்ன வேலை? பெட்டி எப்போது அழித்துவிடுமோ என்ற பயம்தான் அந்தக் காகிதத்தை எழுத வைத்தது. அந்தப் பயம் போனால்தான் பெட்டியைத் தயங்காமல் அழிக்க விடலாம், மலிவாகவும் செய்யலாம்.

அதற்கு 1979-இல் அடி ஷமீர் என்ற குறியாக்க வல்லுநர் சொன்ன வழி இருக்கிறது. சாவியை மூன்று பங்காக்கினால் எந்த இரண்டு சேர்ந்தாலும் முழுச் சாவி வரும், ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு எழுத்தைக்கூட ஊகிக்க முடியாது. இப்போது ஒரு பங்கு சித்தப்பாவிடம், ஒன்று குழுத் தலைவரிடம், ஒன்று திருவாரூரில் கணக்கு எழுதும் அக்காவிடம். என்னிடம் எதுவும் இல்லை. பழைய காகிதத்தை அடுப்பில் போட்டாயிற்று.

பெட்டியை உறைய வைத்து, பேட்டரியைப் பிடுங்கி, நினைவகம் மறப்பதற்குள் படிக்கப் பார்க்கிறவனை இது இன்னும் தடுக்காது. வெப்ப சென்சார் ஒன்று சேர்க்க வேண்டும்.

புதுப் பெட்டி இப்போது எங்கள் கொல்லையில், மூடிய பித்தளை அண்டாவுக்குள், இரண்டு விரல் தண்ணீருக்கு மேலே மரப் பலகையில் உட்கார்ந்திருக்கிறது. இன்றோடு 19 நாள். சாவி அப்படியே இருக்கிறது.