மழை அளந்து வேலை தேடிய கதை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் படித்த பிள்ளைக்கு ஒரே ஒரு உத்தியோகம்தான் உண்டு: ரீச்சர். படிப்பை இடையில் விட்டவர்களுக்காவது கொழும்பில் கடை, கட்டுநாயக்கவில் கார்மண்ட் என்று நாலு வழி இருக்கிறது. படித்தவளுக்கு அதைவிடக் குறைவு. குறையாகச் சொல்லவில்லை. பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. அங்கே பயின்று வந்தவர்கள்தான் எங்களுக்கு எழுத்தறிவித்தவர்கள். கண்ணால் கண்ட உத்தியோகத்துக்குத்தான் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். நில அளவையாளர், புவியியலாளர் என்று யாரும் நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகள் பக்கம் வந்து தேத்தண்ணி குடித்ததில்லையே.

நான் உயர்தரத்தில் கலைப்பிரிவு. எங்கள் பள்ளிக்கூடத்தில் வேறு பிரிவு கிடையாது. கலைப்பிரிவுக்குப் பல்கலைக்கழக அனுமதி அகில இலங்கைத் தரவரிசைப்படி. விஞ்ஞானம், வர்த்தகம் போன்ற பிரிவுகளுக்குத்தான் 40 சதவீதம் தரவரிசைக்கு, 55 சதவீதம் மாவட்டங்களுக்கு, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று பிரிப்பார்கள். நுவரெலியா மாவட்டத்துக்கு அந்த 5 சதவீதத்தில் பங்கு இருந்தும் கலைப்பிரிவில் எழுதுகிறவருக்கு அதனால் பயனில்லை. தம்பி தங்கைகள் இதை ஏ.எல். என்னும் உயர்தர ரிசல்ட் வந்த பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். ஓ.எல். என்னும் சாதாரண தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் அந்த மாதங்களில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைப் புரட்டிப் பார்த்துவிடுவது நல்லது. பதுளையில் உள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது என்பதை நானே அங்கு போன ஒரு சிநேகிதி சொல்லித்தான் அறிந்தேன். தேயிலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாம் வருடம் முடிகிற நேரம் தொழில் வழிகாட்டல் அலகில் ஒரு படிவம் தந்தார்கள். திறன்கள், பலம், பலவீனம், ஐந்து வருடத் திட்டம் எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் ‘சமூகப் பங்களிப்பு’ என்று இரண்டு வரி இடம் விட்டிருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் இரத்ததான முகாம், சிரமதானம் என்று மளமளவென்று எழுதினார்கள். நான் மழைமானி என்று எழுதினேன். வழிகாட்டல் மிஸ் அதைப் பார்த்துவிட்டு, “இது என்ன, விளக்கமாகச் சொல்லுங்க பார்ப்போம்” என்றார். அங்கே சொன்னதைத்தான் இங்கேயும் சொல்லப்போகிறேன்.

எங்கள் தோட்டத்து ஒபிசுக்கு முன்னால் கம்பி வேலிக்குள் ஒரு செப்பு மழைமானி நிற்கிறது. தாத்தா காலத்துக்கும் முந்தியது. காலை 8.30க்குக் கிளாக்கர் ஐயா அதை அளந்து கொப்பியில் எழுதுவார். உரம் எப்போது போடுவது, மருந்தடிக்கலாமா, கொழுந்து எப்படி வரும் என்பதையெல்லாம் அந்தக் கணக்கை வைத்துத்தான் பார்ப்பார்கள். மழை எவ்வளவு என்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்குத் தெரியும், கொழுந்து அரைக்கும் ஸ்டோருக்குத் தெரியும். சரிவுக்குக் கீழே படுத்துக் கிடக்கும் லயத்துக்கு மட்டும் யாரும் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்று யாரும் நினைக்கவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை.

தோன்ற வைத்தது ஒரு வெடிப்பு. மேல் டிவிசனில், எங்கள் லயத்துக்குப் பின்புற மண்மேட்டில், விரல் நுழையும் அகலத்தில் ஒரு கோடு விழுந்திருந்தது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் மண்ணோடு போனதை அறியாத தோட்டம் மலையகத்தில் இல்லை. பயந்துபோய் கிராம உத்தியோகத்தர் ஊடாக அறிவித்தோம். உத்தியோகத்தர்கள் வந்து பார்த்தார்கள். மண்சரிவு எச்சரிக்கை விடும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கடைப்பிடிக்கும் அளவுகளைச் சொல்லித் தந்தார்கள்: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும், 150 தாண்டினாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ எதையும் பார்க்காமல் கிளம்ப வேண்டும். மரமும் மின்கம்பமும் சாய்வது, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்குவது அல்லது நின்றுபோவது எல்லாம் அடையாளம் என்றார்கள்.

அவர்கள் போன பிறகு லயத்து வாசலில் கூட்டம் கூடியது. முதலில் வாய் திறந்தவர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவின் ஆயம்மா. “எழுபத்தஞ்சுனா எவ்வளவு தண்ணி புள்ள? எனக்குப் புரியிற மாதிரி சொல்லு.” நான் புவியியல் படிக்கிறவள், பதில் சொல்லித்தானே ஆக வேண்டும். ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர் தண்ணீர். எங்கள் லயக் காம்பரா, அதாவது ஒரு குடும்பத்தின் அறை, பத்துக்குப் பன்னிரண்டு அடி. 75 மில்லிமீற்றர் பெய்தால் அந்த ஒரு காம்பராக் கூரையில் மட்டும் 800 லீற்றருக்கு மேல் விழும். பீலியில் பிடிக்கும் 20 லீற்றர் கேனில் நாற்பதுக்கு மேல். ஆயம்மா மேட்டைத் திரும்பிப் பார்த்தார். “அப்ப அந்த மேட்டுல எத்தனை கேன்?” என்றார். பல்கலைக்கழகத்தில் அதுவரை என்னிடம் யாரும் அவ்வளவு சரியான கேள்வி கேட்டதில்லை.

அதற்குப் பிறகு நடந்தது பெரிய காரியம் ஒன்றுமில்லை. பக்கம் நேராக உள்ள சோடாப் போத்தலின் மேல்பகுதியை வெட்டி, அதையே கவிழ்த்துப் புனலாக வைத்து, அடியில் வளைந்திருக்கும் இடத்துக்குச் சீமெந்து ஊற்றி மட்டமாக்கி, பக்கத்தில் அடிமட்டம் ஒட்டினோம். மரமும் கூரையும் மறைக்காத இடமாகப் பார்த்து ஒரு கட்டையில் கட்டினோம். ஒபிஸ் மானியோடு ஒப்பிட்டபோது சிறு மழையில் கொஞ்சம் வித்தியாசம் வந்தது, பெருமழையில் கிட்டத்தட்டச் சரியாக இருந்தது. எங்களுக்குப் பெருமழைதான் முக்கியம். கிளாக்கர் ஐயா ஒபிஸ் அளவைத் தினமும் வாட்ஸப்பில் போட ஒத்துக்கொண்டார். போத்தல் அளவை இளந்தாரிகளிடம் ஒப்படைத்தோம், ஒரு வாரம் ஒழுங்காக நடந்தது. பிறகு ஆயம்மா எடுத்துக்கொண்டார். மலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விடுவதற்காக விடிந்ததும் பிள்ளைக் காம்பராவைத் திறக்கிறவர் அவர். கொப்பியில் ஒரு நாள்கூட விடுபட்டிருக்காது. மழை இல்லாத நாளில் பூச்சியம் போட்டுக் கையெழுத்தும் வைத்திருப்பார்.

கூட்டங்களில் மழையைவிட அதிகம் பேசப்பட்டது வெளியேறுவதைப் பற்றித்தான். எங்கே போவது? கோயில் மண்டபத்தில் ஒரு கக்கூஸ்தான். பள்ளிக்கூடச் சாவி அதிபரிடம், அவர் வீடு ஹட்டனில். ராத்திரி எல்லாரும் மண்டபத்தில் விழித்துக் கிடந்தால் காலையில் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போக முடியாது, பேர் போகும், அதாவது அன்றைய நாட்சம்பளம் போகும். மாட்டை யார் பார்ப்பது? படுக்கையில் கிடக்கும் கிழவியை யார் தூக்குவது? இதையெல்லாம் எழுதி வைத்தேன். பிற்பாடு என் இறுதி வருட ஆய்வில் ஒரு அத்தியாயமே இதுதான்.

வரைபடமும் அப்படித்தான் உருவானது. கைத்தொலைபேசியில் இடத்தைக் குறித்துக்கொண்டு லயம், ஓடை, குறுக்குப்பாதை, வெடிப்பு என்று நடந்து நடந்து பதிந்தேன். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பார்த்தால், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் செய்மதி உயரத் தரவு 30 மீற்றருக்கு 30 மீற்றர் கட்டமாக இருக்கிறது. பத்துக் காம்பரா லயம் ஒன்று ஏறக்குறைய ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும். பத்துக் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே உயரம்! முன்பக்கத்துக் குடும்பத்துக்கும் மேட்டோடு ஒட்டிக்கிடக்கும் பின்பக்கத்துக் குடும்பத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்தத் தரவில் கிடையாது. நடந்து அளந்தால்தான் தெரியும். எனக்கு என்ன வேலை பிடிக்கும் என்று எனக்கே தெரிந்தது இந்த இடத்தில்தான். ஆளுமைத் தேர்வு, திறன் தேர்வு எல்லாம் எழுதியிருக்கிறேன், அவற்றில் இது வரவில்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நான் வீட்டில் இருந்தேன். அதைப் பற்றி மலையகத்தில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நாட்டில் அறுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கள் தோட்டத்தில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். சாயங்காலத்துக்குள் போத்தல் 75ஐத் தாண்டியது. இருட்டும்போது கரண்ட் போனது, கொஞ்ச நேரத்தில் சிக்னலும் போனது. நாங்கள் பெருமையாகக் கட்டி வைத்திருந்த வாட்ஸப் குழு அத்தோடு சரி. தோட்டத் தலைவரும் இரண்டு பையன்களும் டோர்ச்சோடு லயம் லயமாகக் கதவைத் தட்டினார்கள். கோயில் மணியை விடாமல் அடித்தார்கள். ஆயம்மா மட்டும் குடையைப் பிடித்துக்கொண்டு போய்ப் போத்தலைப் பார்த்துவிட்டு வந்து, “நிறைஞ்சு வழியுது, இனி அளக்க ஒண்ணுமில்ல, கெளம்புங்க” என்றார். மண்டபத்தில் கிடந்தோம். எங்கள் பின்மேடு பாதிதான் இறங்கியது. இரண்டு காம்பராச் சுவர் போனது, உயிர் ஒன்றும் போகவில்லை. எங்கள் போத்தலால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். மணிச் சத்தம் கேட்டும் வராத குடும்பங்கள் இருந்தன. அவர்கள் காம்பராப் பக்கம் மண் வரவில்லை, அவ்வளவுதான்.

அதன் பிறகு ஆய்வின் தலைப்பையே மாற்றிக்கொண்டேன். மழை அளவு தெரிவது ஒரு பாதி, கரண்டும் சிக்னலும் இல்லாத ராத்திரியில் அது காம்பராவுக்கு எப்படிப் போய்ச் சேரும் என்பது மறுபாதி. மேற்பார்வையாளர் சேர் முதலில் இது புவியியலா, சமூகவியலா என்று யோசித்தார். கொப்பியையும் வரைபடத்தையும் கொண்டுபோய்க் காட்டினேன், விட்டுவிட்டார்.

வேலை தேடும் படலத்தில் எனக்கு உதவியவற்றைச் சொல்கிறேன். சுயவிபரக் கோவையில் சமூக சேவையில் ஆர்வம் உண்டு என்று எல்லாரும் எழுதுகிறோம். வழிகாட்டல் மிஸ் அதை மேலே தூக்கி, என்ன செய்தோம், எவ்வளவு காலம், எத்தனை வீடு, என்ன கருவி என்று எழுதச் சொன்னார். அதை ‘அனுபவம்’ என்ற தலைப்பின் கீழேயே போட்டார். சம்பளம் வாங்காத வேலையும் அனுபவம்தான் என்று அவர் அடித்துச் சொன்னார். இரண்டாவது, முகவரி. தோட்டத்துக்கு வரும் கடிதம் ஒபிசில் இறங்கி, யாராவது எடுத்து வந்தால்தான் லயத்துக்கு வரும். ஒரு நேர்முகத் தேர்வுக்கான கடிதம் திகதி முடிந்த பிறகே என் கைக்கு வந்தது. அதிலிருந்து டவுனில் கடை வைத்திருக்கும் மாமாவின் முகவரியைக் கொடுக்கிறேன். எங்கள் ஆட்கள் பலர் பல காலமாகச் செய்வதுதான் இது. லயத்துக் காம்பராவுக்கு ஒரு சொந்த முகவரி இல்லாத வரைக்கும் வேறு வழியில்லை.

மூன்றாவது, சிங்களம். நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். பாதிக் கேள்வி ஆங்கிலத்தில், மீதி சிங்களத்தில். விடுதியில் மாத்தறைப் பிள்ளையோடு ஒரே அறையில் இருந்தது அன்றைக்குக் கைகொடுத்தது. 75 மில்லிமீற்றரைப் படிப்பறிவில்லாத ஒருவருக்கு எப்படி விளங்கப்படுத்துவீர்கள் என்று கேட்டார்கள். கேன் கணக்கைச் சொன்னேன். ஒருவர் எழுதிக்கொண்டார்.

ஆறு மாதப் பயிலுநர் இடம் கிடைத்திருக்கிறது. கொடுப்பனவில் பாதி வெள்ளவத்தை போர்டிங்குக்கே போய்விடும். அம்மாவுக்கு இது ஒரு வேலையாகவே படவில்லை. “மழை அளக்குறதுக்கா கெம்பஸ் போன?” என்று கேட்கிறார். கேள்வியில் நியாயமும் இருக்கிறது. ஆறு மாதம் முடிந்தால் நிரந்தரமாக்குவார்கள் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. ஊருக்கு உழைத்தால் தொழில் தானாக அமையும் என்று மேடையில் பேசுகிறவர்களை நம்பி யாரும் இறங்கிவிடாதீர்கள். என்னோடு அதே போத்தலைக் கட்டிய பையன் இப்போது டுபாய்க்குப் போக விசாவுக்குக் காத்திருக்கிறான். ஆசிரியர் போட்டிப் பரீட்சைக்கு வர்த்தமானி வந்தால் நானும் விண்ணப்பிப்பேன். திட்டம் என்றால் ஒன்றுக்கு மேல் இருக்கத்தான் வேண்டும்.

தோட்டத்தில் ஏ.எல். எழுதிய இரண்டு பிள்ளைகள் வரைபட வேலையைப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். கீழ் டிவிசனிலும் போத்தல் கட்டியாயிற்று. கரண்ட் இல்லாமல் பற்றரியில் ஓடும் சைரன் ஒன்றுக்கு விலை கேட்டு வைத்திருக்கிறோம். பாதிக் காசு கோயில் கமிட்டி தருகிறதாம். மீதியைத் தோட்ட நிர்வாகத்திடம் கேட்பதா, தொழிற்சங்கத்திடம் கேட்பதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.