மஞ்சள் பிக்சல்

மார்ச் 4, 2024
பையன் ரோபோ போட்டியில் ஜெயித்துவிட்டு வந்துவிட்டான். காட்பாடி ஸ்டேஷனில் இறங்கும்போதே தொண்டை கட்டியிருந்தது. துவைக்கப் பையைக் கொட்டினால் அழுக்குச் சட்டைக்கு நடுவே மஞ்சள் பிளாஸ்டிக் அறுகோணம் ஒன்று. பிக்சலாம். எஃப்டிசி என்ற பள்ளிப் பிள்ளைகள் ரோபோ போட்டியில் இந்த வருஷ ஆட்டமான சென்டர்ஸ்டேஜில் ரோபோ இதைத்தான் எடுத்துச் சாய்வுப் பலகையில் அடுக்க வேண்டும். "ஜெயிச்ச டீம் வெச்சிக்கலாம்மா, அங்க ஒரு அண்ணாதான் குடுத்தாரு."

மார்ச் 5
அடுத்த போட்டி அமெரிக்காவில், ஹூஸ்டனில். விசா நேர்காணலுக்குத் தேதி வரவில்லை.

மார்ச் 6
அண்ணா கொடுத்தார், சரி. அது அவர் சொத்தா? வாலண்டியராக வந்து இரண்டு நாள் நின்றவர், பிள்ளைகள் ஆசையாகக் கேட்டால் எப்படி இல்லை என்பார், ஆனால் பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி களம், தரை டைல், சுவர், பலகை, பிக்சல் எல்லாம் மூட்டை கட்டி அடுத்த போட்டிக்குப் போக வேண்டியவை என்று இவனேதான் சொன்னான். ஒரு டீமில் 15 பேர் வரை இருக்கலாம். ஜெயித்த கூட்டணியில் இரண்டே டீம் என்றாலும் முப்பது பிள்ளைகள். ஆளுக்கு ஒன்று எடுத்தால் அடுத்த ஊர்ப் பிள்ளைகள் எதை அடுக்குவார்கள்?

இவர் பையன் கட்சி. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஜெயித்தவர்கள் வலையையே வெட்டிக்கொண்டு போவார்கள், 1947ல் எவரெட் கேஸ் என்ற கோச் தொடங்கிய பழக்கம் என்கிறார். வலை என்ன விலை, மறுநாளே வேறு மாட்டிவிடலாம். தோனிகூட ஜெயித்த ஆட்டங்களில் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு போனவர்தான், எல்இடி ஸ்டம்ப் வந்ததும் அந்த வேலை நடக்கவில்லையே! உடைந்த பிக்சலாக இருந்தால் நானே ஷோகேஸில் வைப்பேன். இது முழுசாக இருக்கிறது, ஒரு கீறல் இல்லை.

மார்ச் 8
சிவராத்திரி. வேலூர்க் கோட்டைக்குள் கால் வைக்க இடமில்லை. அங்கே இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தைப் பிரித்து லண்டனுக்குக் கொண்டுபோக வெள்ளைக்காரன் திட்டம் போட்டானாம், கப்பல் வந்து சேரவில்லையாம், மாமியார் ஒவ்வொரு வருஷமும் சொல்லும் கதை. கோயிலை விட்டுப் போய் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கம் திரும்பி வந்தது 1981ல். நான் இவனைப் பார்த்தேன். "அம்மா, அது கோயில், இது பிளாஸ்டிக்." வாயாடி.

மார்ச் 9
விசா, விசா, விசா. ஹூஸ்டன் போட்டி ஏப்ரலில். வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது.

மார்ச் 11
எனக்குப் புரியாதது ஒன்று. ஆட்டத்தில் பறக்கவிட்ட காகித டிரோன் இவர்களே மடித்தது, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அது எங்கே என்றால் தெரியாதாம், யாரோ மிதித்துவிட்டார்களாம். பிக்சலுக்கு மட்டும் தினமும் துடைப்பு.

மார்ச் 13
கோச் சார் குரூப்பில் போட்டிருக்கிறார்: பிக்சல் குறைகிறது, எடுத்தவர்கள் சனிக்கிழமைக்குள் கொண்டுவரவும், விலை கொடுத்து வைத்துக்கொள்ள விரும்பினால் சொல்லவும், அமைப்பாளர்களிடம் கேட்டுப் பார்க்கிறேன். நியாயமான மனுஷன். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். இவன் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தான். "எவ்ளோ இருக்கும்மா?" உன் பாக்கெட் மணியில்தான் என்றேன், முகம் சுருங்கிப்போச்சு.

மார்ச் 14
தேதி வந்துவிட்டது! சென்னை, திங்கள் காலை. போட்டோ சைஸ் சரியில்லையாம், இப்போதே ஸ்டுடியோவுக்கு