பொலிஸில் பதிவுப் பிரதி கேட்கப் போறீங்களா? 'மறுகா வாங்க' என்பதை நம்பாதீங்க

முறைப்பாட்டுப் பிரதி கேட்டுப் போன முதல் மூன்று வாரத்தையும் தின்றது ஒரே சொல்தான்: "மறுகா வாங்க." மட்டக்களப்பில் மறுகா என்றால் பிறகு. எத்தனை நாள் பிறகு என்று கேட்டால் பதில் கிடையாது. கவுண்டரில் வாயால் கேட்டதற்குத் திகதி இல்லை. திகதி இல்லாததற்கு மேன்முறையீடும் இல்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கொடுத்த பிறகுதான் விஷயம் நகர்ந்தது.

எழுதுவது பெரிய வேலையில்லை. இந்தச் சட்டத்துக்கான ஆர்டிஐ 01 விண்ணப்பப் படிவம் இருந்தால் நல்லது, வெறும் கடிதமும் செல்லும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் எழுதத் தேவையில்லை. கவுண்டரில் "காரணம் எழுதுங்க", "வக்கீல் கடிதம் கொண்டுவாங்க" என்று சொன்னால், இரண்டும் சட்டத்தில் இல்லாதவை. "கச்சேரியில குடுங்க" என்பது இன்னொரு அலைச்சல். கச்சேரி என்பது மாவட்டச் செயலகம்; அங்கே விண்ணப்பம் வாங்கும் தகவல் அலுவலர் கச்சேரிக்குத்தான். பொலிஸின் தகவல் அலுவலர் யார், மேன்முறையீட்டைக் கேட்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலர் யார் என்று அலுவலகத்தில் கண்ணில் படும்படி அறிவித்தல் போட்டிருக்க வேண்டும் (26ஆம் பிரிவு). போட்டிருக்கவில்லையா, அதைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

மாட்டிக்கொள்ளும் இடம் பற்றுச்சீட்டு. விண்ணப்பத்தை வாங்கி மேசையில் போட்டுவிட்டு, "ஓஐசி வந்தாப் பார்ப்பம், நீங்க போங்க சேர்" என்பார்கள் (ஓஐசி என்றால் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி). போகாதீர்கள். கிடைத்ததாக எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டியது அவர்கள் கடமை; பின்னால் வரும் எல்லா நாள் கணக்கும் அந்தத் துண்டில்தான் தொங்குகிறது. தர மறுத்தால் தபால் கந்தோருக்கு நடந்து, பதிவுத்தபாலில் அதே கடிதத்தை அனுப்புங்கள். தபால் பற்றுச்சீட்டைக் கடிதத்தின் பிரதியோடு பின் அடித்து வையுங்கள். முதல் நாளே இதைச் செய்திருந்தால் இரண்டு பஸ் பயணம் மிச்சம்.

கேட்கும் விதத்திலும் பிழை விட வேண்டாம். "என்ட முறைப்பாட்டுக்கு என்ன நடவடிக்கை?" என்று எழுதினால் "விசாரணை நடைபெறுகிறது" என்று ஒரு வரிதான் வரும். ஆவணத்தைக் கேளுங்கள்: இன்ன திகதியில், இன்ன புத்தகத்தில், இன்ன பக்கம், இன்ன பந்தியில் உள்ள பதிவின் பிரதி. நீதவான் நீதிமன்றத்துக்கு பி அறிக்கை (விசாரணை பற்றிப் பொலிஸ் கொடுக்கும் அறிக்கை) போயிருந்தால் அதன் வழக்கு இலக்கமும் திகதியும். பக்கமும் பந்தியும் முறைப்பாடு கொடுத்த அன்றே தருகிற துண்டில் இருக்கும். அது தொலைந்தால் "தேடிப் பார்க்கணும்" தொடங்கும். வழக்கு இலக்கம் கைக்கு வந்துவிட்டால் நீதிமன்றப் பதிவாளரிடம் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுப்பதே சுருக்கு வழி.

மறுப்பு வந்தால் பெரும்பாலும், எதையெல்லாம் தர மறுக்கலாம் என்று சொல்லும் சட்டத்தின் 5ஆம் பிரிவைக் காட்டுவார்கள். விசாரணை நடக்கிறது என்பது மட்டும் காரணமாகாது. வெளியிட்டால் குற்றத்தைத் தடுப்பதற்கோ கண்டுபிடிப்பதற்கோ, குற்றவாளியைப் பிடிப்பதற்கோ வழக்குத் தொடுப்பதற்கோ பாரதூரமான பாதிப்பு வரும் என்று காட்ட வேண்டும். மற்றவர்களின் பெயர், முகவரி இருக்கிறது என்றால் அந்த வரிகளை மறைத்து மிச்சத்தைத் தரச் சொல்கிறது 6ஆம் பிரிவு. மறுப்புக்கான காரணத்தையும் யாரிடம், எத்தனை நாளுக்குள் மேன்முறையிடலாம் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முடிவு சொல்ல 14 வேலை நாள். சனி, ஞாயிறு, போயா எல்லாம் கழித்து எண்ணுங்கள். ஒருவரின் உயிர் அல்லது தனிப்பட்ட சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணித்தியாலம். அதைக் கடிதத்தின் தலைப்பிலேயே எழுதுங்கள். பதில் வராமல் போனாலும் அது மறுப்புத்தான். 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு எழுத வேண்டும், அவருக்கு மூன்று வாரம். அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பில் உள்ள தகவலுக்கான உரிமை ஆணைக்குழு. ஆணைக்குழு வரை போகப் போகிறோம் என்று மேன்முறையீட்டில் ஒரு வரி எழுதியதும் பைல் அகப்பட்டது. அதுவரை பைல் எங்கே இருந்ததோ!

கடைசியாக வந்த பிரதி முழுக்கச் சிங்களம். கிழக்கில் பொதுப் பதிவுகளைத் தமிழில் பேண வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை. அம்பாறையில் சில பிரிவுகளுக்கு ஏற்பாடு வேறு. ஆனால் இந்தச் சண்டையைப் பிரதி வாங்கும்போது போட்டுப் பயனில்லை. வாக்குமூலம் எழுதும் அன்றே தமிழில் எழுதச் சொல்லுங்கள். எழுத ஆளில்லை என்றால், வாசித்து விளங்கப்படுத்தாமல் கையெழுத்து வைக்காதீர்கள். எங்கள் பதிவில் வாகன இலக்கமே ஒரு எழுத்துப் பிழை.

கட்டணத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஏ4 அளவில் முதல் நான்கு பக்கம் இலவசம், அதன்பின் போட்டோக் கொப்பி ஒரு பக்கம் 2 ரூபா. வேறு சட்டத்தின் கீழ் ஏற்கெனவே கட்டணம் இருந்தால் அதைக் கேட்பார்கள். எது கொடுத்தாலும் அதற்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.