எரிந்துபோன கடன் நோட்டு

சோமாலிலாந்தின் தலைநகர் ஹர்கெய்சாவில் நான் முதன்முதலில் பார்த்த கணக்குப் புத்தகம், பள்ளிப் பிள்ளைகள் எழுதும் கோடு போட்ட நோட்டு. அட்டை கிழிந்து, ரப்பர் பேண்டு போட்டிருந்தது. வாஹீன் சந்தையில் துணி மொத்த வியாபாரம் செய்யும் ஓர் அம்மா அதை என் முன்னால் விரித்துக் காட்டினார். பக்கத்துக்கு ஓர் ஆள். மேலே அவருடைய பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர். அதற்குக் கீழே பட்டப்பெயர்: நெட்டையன், நொண்டி, பெரிய வாய். முகமதுகளும் அகமதுகளும் நிறைந்த ஊரில் பட்டப்பெயர் சொன்னால்தான் ஆள் யாரென்று தெரியும், அதை யாரும் அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை. அப்புறம் எடுத்த சரக்கு, கொடுத்த பணம், பாக்கி. கணக்குத் தீர்ந்த பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு.

அந்த நோட்டை நான் ஏற்கவில்லை. சிறு தொழில் மானியத்துக்கான எங்கள் விண்ணப்பத்தில் ஆறு மாத வங்கிக் கணக்கு, ஆண்டு வரவு செலவு அறிக்கை, வியாபாரத் திட்டம் மூன்றும் கேட்டிருந்தோம். அவரிடம் நகராட்சி உரிமம் மட்டும் இருந்தது. மதிப்பெண் பட்டியலில் கீழே போய்விட்டார். நான் எடுத்த முடிவுகளில் இன்றும் என்னை உறுத்துவது அதுதான்.

2018 தொடக்கத்தில் சோமாலிலாந்து போனேன். சிறு தொழில்களுக்கு மானியமும் பயிற்சியும் கொடுக்கும் திட்டம் ஒன்றுக்குத் தலைமை தாங்கும் வேலை. முதலீட்டில் பாதியைத் தொழில் செய்பவர் போட வேண்டும், மீதிப் பாதியை நாங்கள் கொடுப்போம். பணம் ஐரோப்பாவிலிருந்து வந்தது, விதிகளும் அங்கிருந்தே வந்தன. அதற்கு முன் நான் தருமபுரிப் பக்கம் மகளிர் சுய உதவிக் குழுக்களோடு பல வருடங்கள் வேலை பார்த்திருந்தேன். ஏழைப் பெண்களின் சேமிப்பு, கடன் பற்றியெல்லாம் எனக்குத் தெரியும் என்ற எண்ணத்தோடுதான் விமானம் ஏறினேன்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1988இல், அப்போது சோமாலியாவை ஆண்ட சியாத் பாரே அரசின் போர் விமானங்கள் ஹர்கெய்சா விமான நிலையத்திலிருந்தே கிளம்பி, அதே ஊரின் மேல் குண்டு போட்டன. ஊரின் பெரும்பகுதி தரைமட்டமானது. அப்போது விழுந்த மிக் போர் விமானம் ஒன்று இன்றும் நகரின் நடுவில் நினைவுச்சின்னமாக நிற்கிறது. 1991 மே 18 அன்று சோமாலியாவிலிருந்து பிரிந்துவிட்டதாக அறிவித்துக்கொண்டார்கள். சொந்த நாணயம், சொந்த பாஸ்போர்ட், தேர்தல் எல்லாம் உண்டு. ஆனால் நான் அங்கே இருந்த காலம் முழுக்க ஐ.நா. உறுப்பு நாடு ஒன்றுகூட அதை அங்கீகரிக்கவில்லை. இது வெறும் அரசியல் பேச்சு என்று நினைத்துத்தான் போனேன். ஒரு பேக்கரிக்காரருக்கு வெளிநாட்டிலிருந்து அடுப்பு வரவழைக்க உட்கார்ந்தபோதுதான் விஷயம் புரிந்தது. வங்கி உத்தரவாதக் கடிதம் வாங்க வழியில்லை. காப்பீட்டுக்கும் வழியில்லை. துபாயில் இருக்கும் அவருடைய சித்தப்பா மகன் பொறுப்பேற்றுக்கொண்டால் சரக்கு வரும், இல்லாவிட்டால் வராது.

முதல் கூட்டத்திலேயே தவறு செய்தேன். மானியத்துக்கு மேல் பணம் தேவைப்படுகிறவர்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் ஏற்பாடு செய்யலாம் என்று பேசினேன். என் சோமாலி சகா மொழிபெயர்த்தார். அறை அமைதியாகிவிட்டது. பெரியவர் ஒருவர் எழுந்து போய்விட்டார். வட்டி அவர்களுக்கு ஹராம். குறைந்த வட்டி, கூடிய வட்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. முராபஹா என்றொரு முறை இருக்கிறது. கடன் கொடுப்பவர் பணமாகத் தராமல் பொருளை வாங்கி, தன் லாபத்தை முன்கூட்டியே சொல்லி விற்பார், வாங்கியவர் தவணையில் கட்டுவார். இரண்டும் ஒன்றுதானே என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. ஒன்றல்ல என்று பின்னால் தெரிந்துகொண்டேன். முராபஹாவில் பொருள் கடன் கொடுத்தவர் கை வழியாகத்தான் வர வேண்டும். அது கைமாறுவதற்கு முன் கெட்டாலும் உடைந்தாலும் நஷ்டம் அவருடையது. தவணை தவறியது என்பதற்காக பாக்கி வளர்ந்துகொண்டே போகவும் கூடாது. குட்டி போடும் கடனில் குடும்பங்கள் அழிவதை தருமபுரியில் பார்த்தவன் நான். அந்த வேறுபாடு எனக்கு இன்னும் சீக்கிரமாகப் புரிந்திருக்க வேண்டும்.

முதல் சுற்றில் வென்றவர்களில் அதிகம் பேர் ஆங்கிலம் தெரிந்தவர்கள், அல்லது ஆங்கிலம் தெரிந்த மருமகன் உள்ளவர்கள். வியாபாரத் திட்டங்கள் அழகாக இருந்தன. ஒன்றரை வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் சில இயந்திரங்கள் பெட்டியைவிட்டே வெளியே வரவில்லை. மின்சாரம் அங்கே தனியார் டீசல் ஜெனரேட்டர்களை நம்பியது, அநியாய விலை. அந்தச் செலவில் ஓட்டினால் லாபம் நிற்காது என்பது தொழில் செய்பவர்களுக்குத் தெரியும். திட்டத்தை எழுதிக் கொடுத்தவர்களுக்குத் தெரியவில்லை.

ஒட்டகப் பால் கதையைச் சொல்லாமல் விட முடியாது. மேய்ச்சல் நிலத்தில் கறக்கும் பால் ராத்திரியோடு ராத்திரியாக லாரியிலும் பிக்கப் வண்டியிலும் ஏறி, விடிகாலையில் ஊருக்குள் வரும். இந்த வியாபாரம் முழுக்கப் பெண்கள் கையில். மஞ்சள் பிளாஸ்டிக் கேன்களில்தான் பால் வரும். அந்தக் கேன் சுத்தமில்லை என்று எங்கள் நிபுணர் எழுதிய அறிக்கையை நம்பி, மூடி போட்ட அலுமினிய கேன்கள் வாங்கிக் கொடுத்தோம். மூன்று மாதம் கழித்து ஒரு விடிகாலை சந்தைக்குப் போனேன். எல்லாம் பழையபடி மஞ்சள் கேன்.

ஒரு பால்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவர் செய்வதைப் பார்த்தேன். காலிக் கேனைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். தணலாக எரியும் குச்சி ஒன்றை எடுத்து, அதன் புகை முழுக்க உள்ளே போகும்படி கேனைச் சாய்த்துப் பிடித்தார். உள்புறம் லேசாகக் கருத்தது. உடனே மூடிவிட்டார். இந்தப் புகைதான் பாலைக் கெடாமல் வைக்கிறது, ஊர்க்காரர்கள் தேடுகிற ருசியும் அதில்தான் இருக்கிறது. பிறகு கேனின் பிடியில் சிவப்புத் துணி ஒன்றை முடிந்தார். அது அவருடைய அடையாளம். நூறு கேன் ஏறும் வண்டியில் டிரைவர் அந்தத் துணியைப் பார்த்தே யாருடையது என்று சொல்லிவிடுவார், எழுத்து வேண்டியதில்லை. அலுமினிய கேன் காலியாக இருந்தாலும் கனக்கிறது, திரும்பிப் போகக் கூடுதல் கூலி கேட்கிறார்கள், விலை உயர்ந்தது என்பதால் வழியில் காணாமலும் போகிறது என்றார். இதையெல்லாம் எங்களிடம் ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்கள் கேட்கவில்லையே, ஏத்தோ."

ஏத்தோ என்றால் அத்தை. அத்தையை மருமகன் அப்படிக் கூப்பிடுவான், அத்தையும் அவனை அப்படியே கூப்பிடுவாள். நம் வீடுகளில் மகளை அம்மா என்றும் மகனை அப்பா என்றும் கூப்பிடுவதுபோல, சோமாலியில் தாய் பிள்ளையை ஹூயோ, அதாவது அம்மா என்பாள். இது பழகிய பிறகு அந்த ஊர் எனக்கு வேற்றூராக இல்லை.

இரண்டாம் சுற்றுக்கு விண்ணப்பத்தை மாற்றினோம். வங்கிக் கணக்குக்குப் பதிலாக ஸாத் பதிவை ஏற்றுக்கொண்டோம். 2009இல் டெலிசோம் கொண்டுவந்த செல்போன் பணச் சேவை அது. சாதாரண போனிலேயே நடக்கும். தேநீர் குடித்தாலும் அதில்தான் காசு அனுப்புவார்கள். ஒரு கடைக்காரரின் ஆறு மாத ஸாத் பதிவு எந்த ஆடிட்டர் அறிக்கையையும்விட உண்மையானது என்று நான் இப்போதும் சொல்வேன். கூடவே ஒரு கேள்வியும் சேர்த்தோம்: உங்களுக்குச் சரக்கைக் கடனாகக் கொடுப்பவர் யார், அவரோடு நாங்கள் பேசலாமா? நன்கொடையாளர்களைச் சம்மதிக்க வைக்க எட்டு மாதம் ஆனது. துணிக்கடை அம்மா இந்தச் சுற்றில் தேர்வானார். நோட்டையும் கொண்டுவந்து காட்டினார். இந்த முறை ஒவ்வொரு பக்கமாகப் படித்தோம்.

அந்த நோட்டில் ஊரின் பொருளாதாரமே இருந்தது. துபாய் சரக்கு பெர்பெரா துறைமுகத்தில் இறங்கி வாஹீன் மொத்தக் கடைக்கு வரும், அங்கிருந்து கெபிலியிலும் புராவோவிலும் உள்ள சில்லறைக் கடைக்குப் போகும், கடைசியில் ஆடு மேய்ப்பவன் வீட்டுக்குச் சேரும். ஒவ்வொரு கையும் அடுத்த கைக்குக் கடனாகத்தான் கொடுக்கும். பணம் இதற்கு எதிர்த்திசையில், பெரும்பாலும் ஒரே பருவத்தில் வரும். ஹஜ் காலத்தில் ஆடுகளும் ஒட்டகங்களும் பெர்பெராவிலிருந்து சவூதிக்குக் கப்பலேறும். மேய்ப்பவன் கையில் காசு வரும், நோட்டில் குறுக்குக் கோடுகள் விழும். 2000இல் ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்ற கால்நடை நோயைக் காரணம் காட்டி சவூதி போட்ட இறக்குமதித் தடை 2009 வரை நீடித்தது. அந்த ஒன்பது வருடத்தைத் துணிக்கடை அம்மா ஒரு குடும்பச் சாவைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார். 2020இல் கொரோனாவால் ஹஜ்ஜுக்கு வெளிநாட்டிலிருந்து யாத்ரீகர்கள் வரவே சவூதி அனுமதிக்கவில்லை. அந்த வருடம் நோட்டில் கோடு விழுந்த பக்கங்கள் மிகக் குறைவு. யாரையும் அவர் நெருக்கவில்லை. நெருக்கினால் அந்த ஆள் அடுத்த வருடம் வேறு கடைக்குப் போய்விடுவான், பணமும் வராது, ஆளும் போய்விடுவான் என்றார்.

2022 ஏப்ரல் 1, வெள்ளிக்கிழமை. மறுநாள் ரம்ஜான் நோன்பு தொடக்கம். நோன்புக்கும் பெருநாளுக்குமாக எல்லோரும் கடன் வாங்கிச் சரக்கை நிரப்பி வைத்திருந்தார்கள். அன்று இரவு வாஹீன் தீப்பிடித்தது. சந்துகள் குறுகல், கடைகள் வழியை அடைத்துக் கட்டப்பட்டவை. தீயணைப்பு வண்டி உள்ளே நுழைய முடியவில்லை. எங்கள் அலுவலக மாடியிலிருந்து பார்த்தபோது வானம் செங்கல் நிறத்தில் இருந்தது. பிளாஸ்டிக்கும் வாசனைத் திரவியமும் துணியும் சேர்ந்து எரிந்த அந்த நெடி பல நாள் என் சட்டையில் இருந்தது. ஏறத்தாழ 2,000 கடைகள் போயின. சாவு இல்லை என்றார்கள், அந்த ஒன்றுதான் ஆறுதல். நாங்கள் பார்த்தவரை எங்கள் கடைக்காரர்களில் காப்பீடு செய்திருந்தவர் எவரும் இல்லை.

காலையில் போனேன். துணிக்கடை இருந்த இடத்தில் இரும்புக் கதவு வெந்து வளைந்து கிடந்தது. அந்த அம்மா ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். நோட்டு உள்ளே இருந்ததா என்று கேட்க வாயெடுத்துக் கேட்காமல் விட்டேன். அவரே சொன்னார்: "துணி போனால் துணி வரும். யார் எவ்வளவு தர வேண்டும் என்பது போய்விட்டது."

அடுத்த மாதங்களைப் பற்றி நினைக்கும்போது எனக்கு இன்னும் வலிக்கிறது. ஊர்க்காரர்கள் அன்றே ஸாத் வழியாகப் பணம் திரட்ட ஆரம்பித்துவிட்டார்கள். லண்டனிலிருந்தும் மினசோட்டாவிலிருந்தும் உறவினர்கள் அனுப்பினார்கள். இந்த அம்மா இருந்த ஹக்பத் குழுவில் பதினைந்து பெண்கள். நம் ஊர்ச் சீட்டு மாதிரிதான், ஆனால் ஏலம் கிடையாது, தள்ளுபடி கிடையாது. ஒவ்வொருவரும் தினமும் சிறு தொகை போட்டு, முறை வைத்து மொத்தத்தையும் ஒருவர் எடுப்பார். அந்த வாரம் எடுக்க வேண்டியவர் மகளின் கல்யாணத்துக்காகக் காத்திருந்தவர். அவர் தன் முறையை விட்டுக்கொடுத்தார். இதெல்லாம் பத்து நாளுக்குள் நடந்து முடிந்தது. நாங்களோ, மானியத்தில் வாங்கிய தையல் இயந்திரங்களும் குளிர்சாதனப் பெட்டிகளும் எரிந்துவிட்டதற்குப் போலீஸ் சான்று கேட்டுக்கொண்டிருந்தோம். பாதிப் பங்கு போட வேண்டும் என்ற விதியைத் தளர்த்தக் கோரி எழுதினேன், மீண்டும் எழுதினேன், நேரில் போய்ப் பேசினேன். நாலு மாதம் கழித்து அனுமதி வந்தது. கடை எரிந்து நிற்கும் மனிதரிடம் உன் பங்கு எங்கே என்று கேட்கும் விதியை, விபத்து நடப்பதற்கு முன்பே நான் மாற்றி வைத்திருக்க வேண்டும். நிலையில்லாத நாட்டில் திட்டம் போடுகிறவர் முதல் நாளே எழுத வேண்டிய பக்கம் அது. நான் எழுதவில்லை.

நவம்பரில், ஊர் திரும்புவதற்கு முந்தைய வாரம், அவரைப் பார்க்கப் போனேன். சாலையோரத்தில் தார்பாய்க்குக் கீழே தற்காலிகக் கடை. எங்கள் மானியத்தில் வந்த அலமாரிகள் இரண்டு இருந்தன, பாதிதான் நிறைந்திருந்தன. மடியில் புது நோட்டு. நினைவில் இருந்த ஆட்களையெல்லாம் பக்கத்துக்கு ஒருவராக எழுதியிருந்தார். தொகை உறுதியாகத் தெரிந்த இடத்தில் தொகை இருந்தது. தெரியாத இடத்தில் பட்டப்பெயரை மட்டும் எழுதிக் கீழே காலியாக விட்டிருந்தார். அவர்களாக வந்து சொல்லட்டும் என்றார். பாதிப் பேர் வந்துவிட்டார்களாம். சிலர் வரவில்லை, சிலர் குறைத்துச் சொன்னார்கள், அதுவும் அவருக்குத் தெரியும்.

நான் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது கெபிலியிலிருந்து ஒருவர் வந்தார். ஒல்லியான ஆள், கைலி கட்டி, தோளில் துண்டு போட்டிருந்தார். மழையில்லை, ஆடு விற்கவில்லை, அதனால்தான் இத்தனை நாள் வரவில்லை என்று நெடுநேரம் பேசினார். அப்புறம் ஒரு தொகையைச் சொன்னார். அந்த அம்மா மறுபேச்சுப் பேசாமல் நோட்டைப் புரட்டி, அவருடைய பக்கத்தைக் கண்டுபிடித்து, காலியாக இருந்த இடத்தில் அந்தத் தொகையை எழுதினார். இப்போதைக்கு எவ்வளவு தர முடியும் என்று அவர் கேட்கவில்லை. பேனாவை மூடாமலே, இந்த முறை எத்தனை கைலி வேண்டும் என்று கேட்டார்.